மூணு பேராகப் போகக் கூடாது

விஸ்வாவுக்குப் பெண் பார்க்கப் போவது குடவாசலில் ஏறக்குறைய ஒரு வருஷாந்திர உற்சவமாகவே ஆகிவிட்டது. போவார்கள், சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிடுவார்கள், திரும்பி வருவார்கள். வயது முப்பத்தொன்பது. தலையில் முடி இருந்தது. பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் வாத்தியார் வேலை இருந்தது. குணத்திலும் குறை சொல்லும்படி ஒன்றுமில்லை. பார்த்த பெண்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். கல்யாணத்துக்கு அப்புறம் எங்கே இருப்பதாக உத்தேசம்? விஸ்வா சொன்னதும் ஒரே பதில்தான். "அப்பா அம்மாவைத் தனியா விட முடியாது. குடவாசல்தான்." அத்துடன் கச்சேரி கலைந்துவிடும்.

இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு தியாகக் களை வந்து உட்காரும். அது வருவது அவனுக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பிடிக்கவும் செய்யும்.

இந்த வருஷம் வந்த ஜாதகம் சென்னை அண்ணா நகர் ஷைலஜாவுடையது. முப்பத்தேழு வயது, இன்சூரன்ஸ் கம்பெனியில் உத்தியோகம். அவளே இரண்டு தடவை போனில் பேசினாள். இரண்டாவது தடவை, பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பரீட்சைத் தாளில் நியூட்டனுக்கு நாலாவது விதி எழுதி வைத்த கதையை விஸ்வா சொன்னான். அவள் போனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அது அவனுக்குக் கேட்டது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அவனுக்கு ரசமா குழம்பா என்றே தெரியவில்லை. எங்கே குடித்தனம் என்கிற கேள்வியை மட்டும் இருவரும் தொடவில்லை. "நேர்ல பேசிக்கலாம்" என்றாள். அவனும் சரி என்றான். இந்த இடமும் தட்டிப்போனால் ஜாதகத்தைப் பரணில் போட்டுவிடுவது என்று முடிவு கட்டிவிட்டான். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் இவள் வேண்டும் என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம். அதற்குள் பெண் வீட்டில் காலை வைத்துவிட வேண்டும் என்பது அம்மா ஆனந்தத்தின் உத்தரவு. அப்பா சாமா, அம்மா ஆனந்தம், விஸ்வா, அம்மாவின் தம்பி ஸ்ரீவத்ஸன் மாமா என்று நாலு பேர் போவதாக ஏற்பாடு. கிளம்புகிற சனிக்கிழமைச் சாயங்காலம் மாமா போன் பண்ணி, கால் கட்டை விரல் வீங்கிவிட்டது, வர முடியாது என்று சொல்லிவிட்டார். மாமாவுக்கு வீங்குவதற்கு எப்போதும் ஏதாவது ஒரு விரல் தயாராக இருக்கும்.

மிச்சம் மூணு பேர். நல்ல காரியத்துக்கு மூணு பேராகப் போனால் உருப்படாது என்பது தஞ்சாவூர் ஜில்லாவில் ஜாதி மதம் பார்க்காமல் எல்லோரும் ஒப்புக்கொள்கிற ஒரே விஷயம். அதற்கு வழியும் உண்டு. ஒரு கல்லை எடுத்து நாலாவது ஆளாகக் கூட வைத்துக்கொண்டால் போதும். மற்றவர்கள் கூழாங்கல் எடுப்பார்கள். ஆனந்தம் அம்மிக் குழவியை எடுத்தாள்.

மிக்ஸி வந்த பிறகு கொல்லையில் சும்மா கிடந்த குழவி அது. அதைக் குளிப்பாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, எதிரில் வெற்றிலை பாக்கு வைத்து, "ஸ்ரீவத்ஸா, வாடா போகலாம்" என்று முறைப்படி அழைத்தாள். அப்பாவின் பழைய வேஷ்டித் துண்டில் சுற்றிப் பைக்குள் இறக்கினாள்.

"நிஜ ஸ்ரீவத்ஸனுக்கு இது எவ்வளவோ தேவலை," என்றார் சாமா. "ரெண்டாவது காபி கேக்காது."

ராத்திரி ரயிலில் கும்பகோணத்திலிருந்து கிளம்பி, தாம்பரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் குளித்துச் சாப்பிட்டு, மத்தியானம் மூன்று மணிக்கு டாக்சி கூப்பிட்டார்கள். டாக்சிக்காரர் வந்தார். அண்ணா நகர் என்றதும் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். "முகூர்த்த நாளு சார். கத்திப்பாரா வரைக்கும் நகரவே இல்ல. நாலரைக்குள்ள போணும்னா ரயில்ல போங்க" என்றார். இவ்வளவு நல்ல மனுஷன் டாக்சி ஓட்டி எப்படிப் பிழைக்கிறாரோ தெரியவில்லை.

ஆக, தாம்பரத்திலிருந்து பரங்கிமலை வரை மின்சார ரயில், அங்கே மாறி மெட்ரோ. மின்சார ரயிலில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மொத்தமும் தி. நகருக்குத் துணி எடுக்கப் போய்க்கொண்டிருந்தது. விஸ்வாவின் இஸ்திரி போட்ட சட்டை குரோம்பேட்டை வருவதற்குள் கசங்கிவிட்டது. சாமா சும்மா இருக்கவில்லை. குடவாசல் பஸ்ஸில் செய்வதுபோல, உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரிடமும் "தம்பி எங்க எறங்கறே?" என்று விசாரித்துக்கொண்டே போனார். அங்கே அப்படிக் கேட்டால் பதில் வரும், அந்த சீட் அவர் பெயருக்கு எழுதின மாதிரி. இங்கே எல்லோர் காதிலும் ஏதோ செருகியிருந்தது. ஒருத்தனும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனந்தம் குழவிப் பையை இடுப்பில் தாங்கிக்கொண்டு பரங்கிமலை வரை நின்றபடியே வந்தாள்.

மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் பைகளை மிஷினுக்குள் விட வேண்டும். விஸ்வாவின் தோள்பை போனது, வந்தது. அம்மாவின் பை போனது. நின்றுவிட்டது. காவலுக்கு நின்றிருந்த பெண் திரையைப் பார்த்தாள், ஆனந்தத்தைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். சட்டையில் பூவிழி என்று பெயர் குத்தியிருந்தது.

"இந்தப் பை யாருதுங்க? உள்ள என்னமோ கல்லு மாதிரி இருக்கே?"

"கல்லு மாதிரி இல்லேம்மா, கல்லேதான்," என்றார் சாமா.

துணியைப் பிரித்ததும் மஞ்சளும் குங்குமமுமாகக் குழவி வெளியே வந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். விஸ்வா கூரையில் சிலந்தி வலை இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தான்.

"என்னம்மா இது?"

"எங்க நாலாவது ஆள்," என்றாள் ஆனந்தம். "பிள்ளைக்குப் பொண்ணு பாக்கப் போறோம். மூணு பேராயிட்டோம்."

பூவிழிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. முகமெல்லாம் சிரிப்பு. "எனக்கு ஒரத்தநாடும்மா. எங்க பக்கமும் மூணு பேரா போகமாட்டோம். எங்கம்மா சின்னதா ஒரு கல்லை எடுத்து முந்தானையில முடிஞ்சுக்கும். நீங்க என்னன்னா குழவியவே தூக்கிட்டு வந்துட்டீங்களே!"

"சின்னக் கல்லா எடுத்து எடுத்துத்தான் இத்தனை வருஷமா ஒண்ணும் நடக்கலை."

"அது சரிங்கம்மா. ஆனா இதை உள்ள விட முடியாதுங்க. யாரு மண்டையிலயாச்சும் போட்டா என் வேலை போயிடும்."

"நான் யார் மண்டையில போடப்போறேன்?"

"எனக்குத் தெரியுது. மிஷினுக்குத் தெரியலையே. இங்க வெச்சிட்டுப் போங்க. திரும்பி வர்றப்ப வாங்கிக்கலாம், நான் பத்திரமா பாத்துக்கறேன். வெளிய ரோட்டுல ஒரு கூழாங்கல்லு எடுத்துக்குங்க, அது போதும்."

ஆனந்தம் அவளை ஒரு பார்வை பார்த்தாள். "ரோட்டுக் கல்லையா? யார் எவர்னு தெரியாது, குலம் கோத்திரம் தெரியாது. அதைக் கூட்டிண்டு போய் சம்பந்தம் பேசறதா?"

கல்லுக்குக் கோத்திரம் இருந்தால் அது என்ன கோத்திரமாக இருக்கும் என்று சாமா யோசிக்க ஆரம்பித்துவிட்டார். விஸ்வாவுக்குத் தலை வெடித்துவிடும்போல் இருந்தது. மணி நாலை நெருங்கிக்கொண்டிருந்தது. "அம்மா, மூணு பேராப் போனா ஆகாசம் ஒண்ணும் இடிஞ்சு விழாது. நான் பிசிக்ஸ் வாத்தியார், சொல்றேன், வா."

"இத்தனை இடம் பாத்தியே, உன் பிசிக்ஸ் ஒண்ணையாவது முடிச்சுக் குடுத்துதா?"

விஸ்வா கைக்கடிகாரத்தைத் திருப்பி அவளிடம் காட்டினான்.

ஆனந்தம் கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தீர்ப்புச் சொன்னாள். "மூணு பேராச் சேந்து போனாத்தானே தோஷம்? பிரிஞ்சு போவோம். நீ முதல் வண்டில போ. நானும் அப்பாவும் அடுத்த வண்டில வரோம்."

"எல்லாரும் ஒரே இடத்துக்குத்தானேம்மா போறோம்?"

"போற இடம் ஒண்ணுதான். போறது வேற வேற."

"அவ சொல்றது சரிதான்டா," என்றார் சாமா. முப்பது வருஷம் தாலுகா ஆபீசில் இருந்து சிரஸ்தாராக ரிடையர் ஆனவர். சட்டத்தில் சந்து எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். "ரெண்டு பேர் போனா தம்பதி. ஒருத்தன் போனா மாப்பிள்ளை. மூணுங்கறது எங்கயுமே வரலை பாரு."

குழவியைப் பூவிழியிடம் ஒப்படைத்து, மூன்று டிக்கெட் வாங்கி, இரண்டை அப்பா கையில் கொடுத்து, "அண்ணா நகர் டவர், அண்ணா நகர் டவர்" என்று நாலு தடவை சொல்லி, விஸ்வா வண்டி ஏறினான். இவ்வளவு பெரிய ஆம்பிளை, அம்மா சொன்னாள் என்று தனி வண்டியில் போகிறானே என்று கேட்கலாம். கேட்பவர்களுக்கு ஆனந்தத்தைத் தெரியாது. கதவு மூடும்போது இருவரும் பிளாட்பாரத்தில் கையாட்டினார்கள்.

வண்டி உயரத்தில் ஓடியது. கீழே நூறடி ரோடு முழுக்க வாகனங்கள் அசையாமல் கிடந்தன. மேலே ஜிலுஜிலுவென்று ஏசி. அசோக் நகர், வடபழனி என்று ஒரு பெண் குரல் மரியாதையாக ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு வந்தது. கோயம்பேடு தாண்டியதும் வண்டி பூமிக்குள் இறங்கியது. இருட்டுச் சுரங்கத்தைப் பார்த்ததும் அம்மா பயப்படுவாளே என்று நினைத்தான். அப்பாவுக்கு மூத்திரம் முட்டினால் என்ன செய்வார் என்று அதற்கு மேல் நினைத்தான். இப்படி நினைப்பதில் அவனுக்குப் பல வருஷத்துப் பயிற்சி.

அண்ணா நகர் டவரில் இறங்கிப் பிளாட்பாரத்திலேயே நின்றான். அடுத்த வண்டி வந்தது. அதில் அவர்கள் இல்லை. பெட்டி மாறி ஏறியிருப்பார்கள் என்று இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிப் பார்த்தான். அதற்கடுத்த வண்டியும் வந்தது. அதிலும் இல்லை.

அப்பாவுக்குப் போன் போட்டான். அணைத்து வைத்திருந்தது. பேசாத நேரத்தில் போன் எரிந்தால் சார்ஜ் வீண் என்பது அப்பாவின் கொள்கை. அம்மாவுக்குப் போட்டான். அவன் தோள்பைக்குள்ளிருந்து கந்த சஷ்டிக் கவசம் கேட்டது.

அடுத்து வந்த போன் ஷைலஜாவினுடையது. "வந்துட்டேளா? எங்க தெருவைத் தோண்டிப் போட்டிருக்கா. அப்பாவுக்கு முட்டி வலி. அதான் நானே அழைச்சுண்டு போக வந்தேன். எந்த கேட்ல இருக்கேள்?"

"நான் பிளாட்பாரத்தைவிட்டு வர முடியாது," என்றான் விஸ்வா. குரல் அவனுக்கே அழுகை மாதிரி ஒலித்தது.

தினமும் ஆபீஸ் போகிற மெட்ரோ அட்டையைத் தட்டிவிட்டு அவள் கீழே வந்தாள். போட்டோவில் இருந்ததைவிடக் கொஞ்சம் குண்டு, கொஞ்சம் அழகு. காட்டன் புடவையில் வந்திருந்தாள், கையில் குடை. அவன் நடந்ததைச் சொன்னான். குழவி, கோத்திரம், தம்பதி, மாப்பிள்ளை எல்லாம். அவள் முதலில் உதட்டைக் கடித்தாள். குழவிக்கு மாமாவின் பெயர் வைத்ததைக் கேட்டதும் முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தாள். போனில் கேட்ட அதே சிரிப்பு.

"சாரி. நீங்க கவலையா இருக்கேள், நான் சிரிக்கறேன்."

"பரவாயில்லை."

"அவாளுக்குப் போர்டு படிக்கத் தெரியும்தானே?"

"அப்பா சிரஸ்தாரா இருந்தவர். அம்மா பி.ஏ."

"அப்புறம் என்ன பயம்?"

"தனியா எங்கயுமே போனதில்லை."

"போனதில்லையா, நீங்க விட்டதில்லையா?"

அவன் சிரிக்க முயற்சி செய்தான். இன்னொரு வண்டி வந்தது. எழுந்தான், பார்த்தான், உட்கார்ந்தான். பக்கத்தில் அவள் இருப்பது நன்றாக இருந்தது. அப்பா அம்மா காணாமல் போன நேரத்தில் இது நன்றாக இருக்கிறதே என்று குற்ற உணர்ச்சியும் வந்தது.

ஷைலஜா குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, எதிரே இருந்த கண்ணாடிக் கதவைப் பார்த்தபடி சொன்னாள். "ஆத்துல எல்லார் முன்னாடியும் பேச வராது. இங்கயே கேட்டுடறேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ஆனா என் வேலையை விட்டுட்டு என்னால குடவாசல் வர முடியாது. அப்பாவும் இங்க இருக்கார். நீங்க சென்னைக்கு வருவேளா?"

வருவேன் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைப் பழக்கம் முந்திக்கொண்டது. "அப்பா அம்மாவைத் தனியா விட முடியாது," என்றான். "இதோ பாருங்கோ, அடுத்த வண்டில வரச் சொன்னதுக்கே தொலைஞ்சு போயிட்டா."

இந்தத் தடவை முகத்தில் தியாகக் களை வரவில்லை. வாயெல்லாம் கசந்தது.

"சரி," என்றாள் ஷைலஜா. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "அவா வந்ததும் ஆத்துக்கு வந்து டிபன் சாப்பிட்டுட்டுப் போங்கோ. அப்பா ஆசையாப் பண்ணச் சொல்லியிருக்கார்."

அவ்வளவுதான். பரணுக்குப் போக வேண்டியதுதான். ராகு காலம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஆகிவிட்டிருந்தது. விஸ்வாவுக்கு யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது. கிட்டத்தில் அவனைத் தவிர அதற்குத் தகுதியான ஆள் யாரும் இல்லை.

"ஸ்டேஷன் மாஸ்டர் ரூம்ல சொல்லி மைக்ல கூப்பிடச் சொல்லலாமா?" என்று ஷைலஜா எழுந்த நேரத்தில், அவர்கள் முதுகுக்குப் பின்னால், எதிர்த் திசையிலிருந்து வந்த வண்டி நின்றது. கதவு திறந்தது. முதலில் ஆனந்தம் இறங்கினாள். தலையில் புதிதாக ஒரு முழம் மல்லிகை. பின்னாலேயே சாமா, கையில் பாதி தின்ற சமோசாவோடு.

"எங்கேம்மா போயிட்டே!" விஸ்வா போட்ட சத்தத்தில் பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது.

"சென்ட்ரல் வரைக்கும்."

"அண்ணா நகர் டவர்னு எத்தனை தடவை சொன்னேன்!"

"சொன்னே. போர்டு வந்தது, கதவு தெறந்தது, உங்கப்பா எழுந்துட்டார். நான்தான் கையைப் பிடிச்சு உக்கார வெச்சேன். வண்டி நன்னா இருந்தது. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு சீட்டு கிடைச்சிருந்தது. இன்னும் கொஞ்சம் போவோமேன்னேன்."

"கோட்டையையே பாத்துட்டு வந்திருப்போம்," என்றார் சாமா. "நீ தேடுவியேன்னு திரும்பிட்டோம். வெளில வந்து காபி சாப்பிட்டு, புது டிக்கெட் எடுத்து வந்தோம். காபி கண்றாவி. சமோசா பரவாயில்லை."

"பயமா இல்லையா உங்களுக்கு? தெரியாத ஊர்ல, பாதாளத்துல..."

"எதுக்குடா பயம்?" ஆனந்தம் தலைப்பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "நீ பொறந்ததுலேந்து நானும் இவரும் தனியா ஒரு எடத்துக்குப் போயிருக்கோமா? காசின்னாலும் நீ வரே, கண்ணாஸ்பத்திரின்னாலும் நீ வரே. இன்னிக்குத்தான் முதல்முதலா இவரே கேட்டு எனக்குப் பூ வாங்கிக் குடுத்தார்."

சாமா சமோசாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் காது சிவந்திருந்தது.

விஸ்வா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். மறுத்துவிட்டுப் போன பெண்கள், அவர்கள் வீட்டு பஜ்ஜிகள், ஒவ்வொரு தடவையும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்ன அந்த ஒரு வாக்கியம், எல்லாம் சேர்ந்து மண்டையில் இறங்கியது. அவமானமாக இருந்தது. வலித்தது.

"ஒரு தடவை சொல்லியிருக்கலாமேம்மா."

ஆனந்தம் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் கசங்கிய சட்டையை நீவிவிட்டாள். "எப்படிடா சொல்றது? எங்களைப் பாத்துக்கறதுக்காகத்தான் கல்யாணமே ஆகலைன்னு ஊர் பூராச் சொல்லிண்டு திரியறே. பாவமா இருந்தது. பிள்ளை மனசு நோகுமேன்னு நாங்களும் உன்னைப் பாத்துண்டோம்."

ஒரு வண்டி வந்து, நின்று, கதவை மூடிக்கொண்டு கிளம்பிப் போனது. ஷைலஜா குடைக் கைப்பிடியைத் திருகிக்கொண்டு நின்றாள். இந்த வீட்டு விஷயம் தன் காதில் விழவில்லை என்று காட்டிக்கொள்ள ரொம்பப் பாடுபட்டாள்.

விஸ்வா எழுந்து அவள் எதிரில் போய் நின்றான். இந்த முறை பழக்கத்துக்கு இடம் கொடுக்காமல் அவசரமாகக் கேட்டான். "ஷைலஜா, இந்த ஊர்ல பிசிக்ஸ் வாத்தியாருக்கு வேலை கிடைக்குமா?"

"தேடினா கிடைக்கும்," என்றாள் அவள். "நானும் கூடத் தேடறேன்."